வடசென்னைக் கழிகளில் ஒரு ஃபின்லாந்துத் திசைகாட்டி: சூன்டோ எம்சி-2 ஜி

சூன்டோ நிறுவனத்தின் எம்சி-2 ஜி, மடித்து மூடும் முகம்பார்க்கும் கண்ணாடியுடன் கூடிய தட்டுவகைத் திசைகாட்டி. கனோ என்னும் சிறு துடுப்புப் படகைத் தோளில் சுமந்து, தடமில்லாத காட்டைக் கடந்து, வேறு எவரும் வராத ஏரியில் தூண்டில் போடச் செல்லும் வட அமெரிக்க மீன்பிடிப் பிரியர்களிடையே இந்த வகைக் கருவிக்கு நல்ல மதிப்பு உண்டு. அவர்கள் இதைப் பாராட்டும் காரணங்களில் பாதி, எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை விரிந்துகிடக்கும் நம் கழிகளுக்குப் பொருந்தாது. அவர்கள் அதிகம் பேசாத ஒரு காரணத்துக்காகவே வடசென்னையில் துடுப்புப் படகு வைத்திருப்பவர் இதை வாங்கலாம் என்பது என் முடிவு. இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்த ஒரு காரணத்தைப் பற்றியதுதான்.

முதலில், இந்தக் கருவி எந்த வேலைக்காகப் பேர் வாங்கியது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காப்புக்காடு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட அந்தப் பகுதியில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைச் சுமந்து செல்ல ஒற்றையடித் தடங்கள் உண்டு. அவற்றின் நீளத்தை இன்றும் 'ராட்' என்ற பழைய அளவில்தான், அதாவது பதினாறரை அடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான், வரைபடங்களில் குறிக்கிறார்கள். ஆனால் எல்லா ஏரிக்கும் தடம் கிடையாது. தடமில்லாத ஏரியில் மீன் சலனமில்லாமல் வளர்கிறது என்ற நம்பிக்கையில் சிலர் காட்டுக்குள் நேராகப் புகுகிறார்கள். ஊசியிலை மரங்களும் சதுப்பும் விழுந்த கட்டைகளும் மண்டிய அந்த இடத்தில் சில அடி தூரத்துக்கு மேல் கண் போகாது. போக வேண்டிய திசை வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்ற கோணத்தை வரைபடத்தில் எடுத்து, அந்தக் கோணத்திலேயே மரத்துக்கு மரம் குறிவைத்து நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. எம்சி-2 போன்ற கண்ணாடித் திசைகாட்டிகள் உருவானது இந்த மாதிரி வேலைக்குத்தான். இதைத் தயாரிக்கும் நிறுவனமும் இந்த மரபில் வந்ததே. காட்டில் வரைபடம் பார்த்து ஓடும் போட்டிகளில் ஈடுபாடு கொண்ட துவோமாஸ் வோலோனன் என்ற ஃபின்லாந்துப் பொறியாளர், திரவம் நிரப்பிய திசைகாட்டிகளைப் பெருமளவில் செய்யும் முறையைக் கண்டுபிடித்து 1936-ல் சூன்டோவைத் தொடங்கினார்.

நம் பக்கம் காடும் இல்லை, மலையும் இல்லை. கொசஸ்தலை ஆறு கடலை நெருங்கும் இடத்தில் பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும் அலையாத்தி மரங்களும் சேற்றுத் திட்டுகளும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் திறந்த வெளி போலத் தோன்றும். சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்தால் கண்ணின் உயரம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட இருக்காது. தலைக்கு மேல் வளர்ந்த அலையாத்திப் புதர் இரண்டு பக்கமும் எழுந்து நின்றால், இரண்டு மூன்று ஓடைத் திருப்பங்களுக்குள் வந்த திசை மறந்துவிடும். கொடுவாவும் மடவையும் ஒதுங்கும் மடுக்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓடைகளின் கோடியில்தான் இருக்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் ஓடையின் வாய் சேறாகிவிட்டால், படகை இழுத்துக்கொண்டு சேற்றுத் திட்டைக் கடந்து அடுத்த ஓடையில் இறக்க வேண்டும். மினசோட்டாக்காரர் தோளில் சுமக்கிறார், நாம் முழங்கால் சேற்றில் இழுக்கிறோம் என்பதைத் தவிர, இரண்டும் ஒரே வேலைதான்: தடமில்லாத தரையைக் கடந்து, கண்ணுக்குத் தெரியாத நீரைப் போய்ச் சேர்வது.

இங்கே பிறந்து வளர்ந்த மீனவருக்கு இந்தக் கருவி தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்தே அவர்கள் இடத்தை அறிகிறார்கள். என்னோடு வழக்கமாக வரும் காட்டுக்குப்பத்து அண்ணன் இதை முதலில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், அனல் மின் நிலையத்துப் பொகபோக்கி தெரியுதே, அது பத்தாதா?" என்றுதான் கேட்டார். தெளிந்த வானத்தில் அவருக்கு அது போதும். மார்கழிக் காலைப் பனியிலும், போகி அன்று வடசென்னை முழுவதையும் மூடும் புகையிலும் அந்தப் புகைபோக்கிகள் மறைந்துபோகும்போது, அவருக்குத் தண்ணீரின் ஓட்டமும் காற்றின் திசையும் காலுக்கடியில் தட்டும் மண்ணின் தன்மையும் மிஞ்சுகின்றன; வார இறுதியில் தூண்டிலோடு வரும் என்னைப் போன்றவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கருவி அந்த இடைவெளிக்கானது.

இனி அந்த 'ஜி' என்ற எழுத்துக்கு வருவோம். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. காந்த நடுக்கோட்டில் மட்டுமே அது தரைமட்டமாக இருக்கிறது. அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். அங்கிருந்து வடக்கே போகப் போகப் புலம் தரைக்குள் சாய்ந்து இறங்குகிறது. சென்னையில் அந்தச் சாய்வு 15 டிகிரிக்கும் குறைவு; வட மினசோட்டாவில் 70 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே ஓர் ஊசியைக் காந்தமாக்கித் தொங்கவிட்டால் அதன் வடமுனை ஏறக்குறைய தரையைக் குத்திக்கொண்டு நிற்கும் என்பதால், ஊசி சமமாகச் சுழல்வதற்காகத் தென்பகுதியில் எடையைக் கூட்டிச் சமன் செய்கிறார்கள். அப்படிச் சமன் செய்த ஊசியை எண்ணூருக்குக் கொண்டுவந்தால், வடமுனையைக் கீழே இழுக்கும் விசை பெருமளவு குறைந்துபோய், தென்பகுதியின் எடை மட்டும் அப்படியே இருக்கும். தென்முனை தாழ்ந்து கூட்டின் அடியில் உரசும். உரசும் ஊசி தானாக நிற்கவில்லை, தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு திசைகாட்டியும் வருவது நம் வீடுகளில் புதிதல்ல. அந்தத் திசைகாட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், வட அமெரிக்காவுக்கெனச் சமன் செய்யப்பட்டதாக இருந்தால் இங்கே அரைக் கருவிதான். கருவியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஊசியை விடுவித்துப் பயன்படுத்த முடியும் என்றாலும், ஆடும் படகில் அந்தச் சாகசத்தை நம்பக் கூடாது.

எம்சி-2 ஜி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது; 'ஜி' என்பது 'குளோபல்', அதாவது உலகப் பொது ஊசி என்பதன் சுருக்கம். சாதாரணத் திசைகாட்டியில் ஊசியேதான் காந்தம். இதில் காந்தம் தனியாகவும், திசையைக் காட்டும் ஊசி தனியாகவும் இருக்கின்றன. காந்தம் அந்தந்த ஊரின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் அதன் மேல் அமர்ந்த ஊசி கிடைமட்டமாகவே சுழலும். அதனால் மினசோட்டாவிலும் மணலியிலும் ஒரே ஊசி ஒரே மாதிரி வேலை செய்கிறது. இந்த அமைப்பால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. கருவியை 20 டிகிரி வரை சாய்த்துப் பிடித்தாலும் ஊசி சிக்காது. அலைமோதும் முகத்துவாரத்தில், ஒரு கையில் துடுப்பும் மறு கையில் கருவியுமாக இருக்கும்போது, இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

இதோடு இயற்கையே நமக்குச் செய்திருக்கும் ஓர் உபகாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊசியைத் திருப்புவது காந்தப்புலத்தின் தரைமட்டமான பகுதி மட்டுமே. புலம் செங்குத்தாக இறங்கும் வட நாடுகளில் அந்தப் பகுதி மெலிந்திருக்கும். நம் ஊரில் அது வட மினசோட்டாவில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே சரியாகச் சமன் செய்த ஊசி இங்கே சட்டென்று திரும்பி, உறுதியாக நிற்கிறது. இந்தக் கருவி தான் பிறந்த ஃபின்லாந்தைவிட எண்ணூரில் விறுவிறுப்பாக வேலை செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

கண்ணாடியின் பயன் குறித்து என் கருத்து கொஞ்சம் கலவையானது. மூடியைப் பாதி திறந்து, கருவியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூடியின் விளிம்பில் உள்ள வெட்டின் வழியாகத் தொலைவில் உள்ள பொருளைக் குறிபார்த்துக்கொண்டே, கண்ணாடியில் தெரியும் ஊசியை வட்டத்தோடு பொருத்த வேண்டும். காலூன்றி நிற்கும் தரையில் இது மிகத் துல்லியமான முறை. வட்டம் இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு என்று பிரிக்கப்பட்டிருப்பதால் இடைப்பட்ட ஒரு டிகிரியைக் கண்ணளவில் சொல்லிவிடலாம். ஆனால் தனியாளாகப் படகில் இருக்கும்போது, குறிபார்ப்பதற்காகத் துடுப்பைக் கீழே வைத்த மறுகணமே காற்று படகின் மூக்கைத் திருப்பிவிடும். இரண்டு பேர் போனால் ஒருவர் படகை நிறுத்திப் பிடிக்க மற்றவர் குறிபார்க்கலாம். தனியாகப் போகிறவர் சேற்றுத் திட்டில் படகை ஏற்றி, இறங்கி நின்று பார்ப்பதுதான் முறை. ஓடும் படகில் கண்ணாடியை முழுக்கத் திறந்து மடிமீது வைத்து, சாதாரணத் தட்டுத் திசைகாட்டியைப்போல் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

துல்லியம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் முடிவில் ஏறக்குறைய 17 மீட்டர் விலகிவிடுவோம். ஐந்து டிகிரி பிசகினால் 87 மீட்டர். காற்றும் நீரோட்டமும் தள்ளும் சிறு படகில் ஐந்து டிகிரிப் பிழை என்பது நல்ல துடுப்புக்காரருக்கே இயல்பு. பத்து மீட்டர் அகலமுள்ள ஓடை வாயை நேராகக் குறிவைத்துப் போனால், கரையை அடையும்போது வாய் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்றே தெரியாது. புதருக்குப் புதர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வட நாட்டுக் கனோக்காரர்கள் இதற்காகக் கையாளும் உத்தி, வேண்டுமென்றே விலகிக் குறிவைப்பது. காட்டுக்குள் உள்ள சிறு ஏரியை நேராகத் தேடாமல், அதிலிருந்து வழியும் ஓடையைப் பக்கவாட்டில் குறிவைத்துப் போய், ஓடையில் முட்டியதும் அதைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கு ஏறிவிடுகிறார்கள். இங்கேயும் அதையே செய்யலாம். தேடும் ஓடை வாய்க்குப் பத்து டிகிரி வடக்கே கோணத்தை வைத்துக்கொண்டால், கரை வந்ததும் தெற்கே திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்காது. இதற்கு இரண்டு டிகிரிக் கோடும் கண்ணாடியும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்காத ஊசி ஒன்றே போதும்.

காற்றில் அடித்துச் செல்லப்படுவதைத் திசைகாட்டி சொல்லாது. படகின் மூக்கு சரியான கோணத்தில் இருக்கும்போதே படகு முழுவதும் பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருக்கலாம். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், வடக்கு நோக்கிப் போகும் படகு மேற்கே தள்ளப்படுவது தவிர்க்க முடியாதது. வலைக்காக ஊன்றிய கம்புகள் இதற்கு நல்ல துணை. போக வேண்டிய கோணத்தில் முன்னால் ஒரு கம்பைத் தேர்ந்து, அதன் பின்னே தெரியும் ஏதாவது ஒன்றோடு அதை நேர்ப்படுத்திக்கொண்டால், இரண்டும் விலகத் தொடங்கியதுமே நழுவல் தெரிந்துவிடும். காட்டுக்குப்பத்து அண்ணனின் முறையும் ஃபின்லாந்துக்காரரின் முறையும் சந்திக்கும் இடம் இது. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

இருக்கும் இடம் தெரியாதபோது, தெரிந்த இரண்டு பொருள்களின் கோணத்தை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் நாம் இருக்கிறோம். மலைநாட்டில் சிகரங்களை வைத்துச் செய்வதை நாம் அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளை வைத்தும், வடக்கே போனால் பழவேற்காடு கலங்கரை விளக்கத்தை வைத்தும் செய்கிறோம். கண்ணாடியின் துல்லியத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆனால் புகைபோக்கிகள் கொத்தாக நிற்பதால், எது எது என்று அடையாளம் காண்பதில்தான் பிழை நேரும். கொத்தின் ஓரத்தில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரண்டு கோணங்களுக்கும் இடையே 60 டிகிரியாவது இடைவெளி இருப்பதும் அவசியம். ஒட்டிப் போகும் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்பதைப் பென்சிலின் தடிமனே தீர்மானித்துவிடும்.

எண்ணூர் வட்டாரத்தில் எந்தத் திசைகாட்டிக்கும் உள்ள பெரிய எதிரி இரும்பு. மின்கோபுரங்களும், சாம்பல் கலந்த நீரைக் கொண்டுபோகும் பெரிய குழாய்களும், பாலங்களும் நிறைந்த இடம் இது. தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுவதால் அது ஊசியைத் திருப்பாது. கோபுரத்தின் இரும்புக் காலும், குழாயின் உடலும் பக்கத்தில் போனால் திருப்பிவிடும். சில மீட்டர்கள் விலகி நின்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விலகி மறுபடி பார்த்து, இரண்டு முறையும் கோணம் ஒத்துவந்தால் மட்டுமே நம்ப வேண்டும். பம்பாயில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறியபோது, அளவுகள் கெட்டுவிடும் என்று கொலாபாவில் இருந்த காந்தவியல் ஆய்வகத்தையே அலிபாக்குக்கு மாற்றினார்கள். அந்த டிராமில் ஓடியது ஒரே திசையில் பாயும் மின்சாரம் என்பதால் அத்தனை கவலை. ஆய்வகத்தை மாற்றியவர்களைப் போல் அல்லாமல், நாம் சில துடுப்பு வீச்சு நகர்ந்தால் போதும்.

படகுக்குள் இருக்கும் இரும்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறடு, கத்தி, தூண்டில் பெட்டி ஆகியவற்றை மடியில் வைத்துக்கொண்டு கோணம் பார்க்கக் கூடாது. ஈயக்குண்டால் பாதிப்பில்லை. கைப்பேசிதான் மிகவும் கெட்டது: அதன் ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் அருகே இருக்கும்போது ஊசியைத் திருப்புவது மட்டுமல்ல, திசைகாட்டியை அதோடு ஒரே பையில் நெடுநாள் வைத்திருந்தால் ஊசியின் காந்தத் தன்மையையே கெடுத்து, சில வேளைகளில் வடக்கைத் தெற்காக மாற்றிவிடவும் கூடும். உயிர்காப்புச் சட்டையின் இரண்டு எதிர்ப் பைகளில் இரண்டையும் பிரித்து வைப்பது நல்லது.

கைப்பேசி இருக்கும்போது திசைகாட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் கைப்பேசி நாம் நிற்கும் புள்ளியைச் செயற்கைக்கோளின் துணையோடு காட்டிவிடும். புகைபோக்கிகளை வைத்துக் கோடு போட்டுக் கண்டுபிடிக்கும் வேலையை அது நொடியில் முடித்துவிடுகிறது. இதை மறுப்பது வீம்பு. ஆனால் நின்ற இடத்தில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்வதில் அது தடுமாறும். அதற்குள் உள்ள காந்த உணரியை அடிக்கடி கையில் எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. உப்பு நீரும் சேறும் பட்ட விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது, நீர் புகாத பைக்குள் போட்டால் வெயிலில் திரை தெரியாது. இடத்தை அறியக் கைப்பேசியும் திசையைப் பிடிக்கத் திசைகாட்டியும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் மின்கலமும் மாலை வரை தாங்கும்.

காகித வரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களே அடிப்படை. ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்ற அளவில் கால்வாயும் ஆறும் ரயில் பாதையும் தெளிவாக இருக்கும். துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சேற்றுத் திட்டுகளும் சிறு ஓடைகளும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மாறுவதால், அவற்றைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். எம்சி-2-ன் தட்டில் அச்சிட்டிருக்கும் அளவுகோல்கள் விற்கப்படும் நாட்டுக்கு ஏற்ப மாறுகின்றன. அமெரிக்க வரைபடங்களுக்கான 1:24,000 அளவுகோலும் அங்குலமும் நமக்குப் பயன்படாது. மில்லிமீட்டரும் 1:50,000-மும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வரைபடத்தில் மாறாதது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கி, பின்னர் பழவேற்காட்டையும் தாண்டி நீட்டப்பட்ட இந்தக் கால்வாய், கரைக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகிறது. கால்வாய்க்கு மேற்கே உள்ள ஓடைகளில் எங்கே வழி தவறினாலும், ஊசியைப் பார்த்துக் கிழக்கே வந்துகொண்டிருந்தால் அதில் முட்டித்தான் ஆக வேண்டும். படகில் ஏறும் முன்பே, 'தவறினால் கிழக்கு' என்பதை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்வது எந்தக் கருவியையும்விடப் பெரிய பாதுகாப்பு.

விலையை ஏற்றியிருக்கும் சில வசதிகளுக்கு இங்கே வேலை இல்லை. சரிவை அளக்கும் உள்முள் ஒன்று இருக்கிறது. பனிச்சரிவு அபாயம் உள்ள மலைகளில் அது உயிர்காக்கும் கருவி, உப்பளத்தில் அலங்காரம். வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திருகி ஈடுசெய்யும் அமைப்பும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அந்த வேறுபாடு கிழக்கே 15 டிகிரி அளவுக்கும், மெய்ன் மாநிலத்தில் மேற்கே அதே அளவுக்கும் போவதால் அவர்களுக்கு இது இன்றியமையாதது. சென்னையில் வேறுபாடு மேற்கே இரண்டு டிகிரிக்குள்தான். மேலே சொன்ன ஐந்து டிகிரிப் பிழைக்குள் அது கரைந்துபோகும். திருகாமல் விட்டுவிட்டாலும் மீன் தப்பிப் போகாது. வட்டத்தில் உள்ள ஒளிரும் குறிகள் விடியும் முன் கிளம்புபவருக்கு உதவுகின்றன. கண்ணாடியில் கண்ணில் விழுந்த தூசியையும் எடுக்கலாம், தொலைவில் நிற்கும் துணைப்படகுக்கு வெயிலைத் திருப்பி அடையாளமும் காட்டலாம்.

பராமரிப்பு எளிது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்; உப்பு காய்ந்தால் வட்டம் இறுகும், கண்ணாடியில் படலம் பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைக்கக் கூடாது, ஏனென்றால் உள்ளே உள்ள திரவம் சூட்டில் விரிந்து கூட்டைப் பிளக்கக்கூடும். ஊசிக்கு இடைஞ்சல் செய்யாத சிறு குமிழி தோன்றினால் அஞ்ச வேண்டாம். ஊசியைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதானால் மாற்ற வேண்டியதுதான். இதோடு வரும் கழுத்துக் கயிற்றைச் சட்டையோடு முடிந்துவைக்க வேண்டும். கழியின் சேற்றில் விழுந்த பொருள் திரும்பக் கிடைக்காது.

எந்தத் திசைகாட்டியும் காட்டாத எல்லைகளும் இந்த நீரில் உண்டு. துறைமுகங்களையும் மின் நிலையங்களையும் ஒட்டிய நீர்ப்பகுதி காவலுக்கு உட்பட்டது. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அதோடு, அங்குள்ள மீனவர்கள் 'பாடு' என்ற முறைப்படி எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை கட்டுவது என்று தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்குத் தடமில்லாத நீராகத் தெரிவது இன்னொருவரின் அன்றைய பிழைப்பாக இருக்கலாம். அந்தந்த ஊரில் கேட்டு, ஊராரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவதே சரி.

விலை கடைக்குக் கடை மாறுகிறது. சாதாரணத் தட்டுத் திசைகாட்டியைப்போல் பல மடங்கு ஆகும் என்பதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். தனியாகப் படகில் போய், பெரும்பாலும் உட்கார்ந்தபடியே திசை பார்ப்பவருக்கு, இதே நிறுவனத்தின் எம்-3 ஜி போதும் என்பேன். அதில் கண்ணாடி இல்லை, ஆனால் இங்கே தேவைப்படும் அதே உலகப் பொது ஊசி இருக்கிறது. சேற்றுத் திட்டில் இறங்கி நின்று புகைபோக்கிகளைக் குறிபார்த்து வரைபடத்தில் இடம் குறிக்கும் பழக்கம் உள்ளவர், அல்லது இதே கருவியை ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் எடுத்துச் செல்ல நினைப்பவர் மட்டும் எம்சி-2 ஜி-க்குச் செலவிடலாம். எதை வாங்கினாலும் இணையக் கடையின் படத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், மாதிரிப் பெயரில் 'ஜி' இருக்கிறதா, 'என்எச்' என்று வட அரைக்கோளத்துக்கானதாக இருக்கிறதா என்பதைப் படிக்க வேண்டும். பெட்டி வந்ததும் கருவியை மேசைமேல் சமமாக வைத்து, மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஊசி எங்கும் தயங்காமல் வடக்கிலேயே நின்றால் வைத்துக்கொள்ளலாம், ஓரிடத்திலாவது வட்டத்தோடு சேர்ந்து இழுபட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். மேசை இரும்பு மேசையாக இருக்கக் கூடாது.